பாட்டிலில் குடியிருந்த பேய்க்கணவாய்

எங்க வீட்டுக்காரர் குடியை விட்டதை நான் நம்பவில்லை.

அந்த வருஷம் சாராயத்தில் எங்க கள்ளக்குறிச்சியில் சாவு விழுந்தது. எதிர்வீட்டுக்காரரும் அதில் போனார். பந்தலைப் பிரிக்கும்போது எங்க வீட்டுக்காரர், "இனிமே தொடமாட்டேன்" என்றார். அன்றைக்குத் தெருவில் எல்லா ஆம்பளைகளும் அதைத்தான் சொன்னார்கள். காரியம் முடிந்ததும் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. இவருக்கு மட்டும் எப்படி மறக்காமல் இருக்கும்?

நான் கல்வராயன் மலை அடிவாரத்தில் பிறந்தவள். கோமுகி அணைக்குப் பக்கம். சாராய ஊறல் போட்ட பானை எந்தப் புதரில் இருக்கிறது என்று சின்ன வயசிலேயே மூக்கு சொல்லிவிடும். அதனால் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தேன். அவர் வேலை முடிந்து வந்தால் வாசப்படியில் நிற்க வேண்டும். "ஊது" என்பேன். ஊதுவார். அப்புறம்தான் உள்ளே.

அவருக்கு மீன் லோடு வண்டியில் வேலை. ராத்திரி கடலூர் துறைமுகத்தில் ஏற்றி, விடியும்போது எங்க மார்க்கெட்டில் இறக்குவார்கள். எனக்கு அரிசி மில்லில் வேலை.

ஒரு நாள் காலையில் வந்து நின்றார். கையில் சோற்றுத் தூக்கு. மூடியை இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்திருந்தார். ஊதச் சொன்னேன். ஊதினார். மீன் கவிச்சி தவிர ஒன்றும் இல்லை.

"தூக்குல இன்னா?"

"ஒண்ணுமில்லமே."

"ஒண்ணுமில்லாததை ஏன் அமுக்கிப் புடிச்சிக்கினு நிக்கற?"

அவர் கையை எடுத்தார். மூடி தானாக மேலே எழும்பியது. சந்தில் ஒரு கால் வந்தது. மண்புழு மாதிரி. அடியில் வரிசையாகச் சட்டைப் பொத்தான் ஒட்டின மாதிரி. நான் பின்னால் போனேன்.

"பேய்க்கணவாய். எட்டுக் காலு. நண்டுப் பெட்டியில சாக்குக்கு அடியில இருந்துச்சு. உசுரோட வந்துடுச்சு."

"கொழம்பா, வறுவலா?"

"வளக்கணும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். குடிக்காமல் ஒரு ஆள் இப்படிப் பேசுவாரா என்று இன்னொரு தடவை ஊதச் சொன்னேன்.

தியாகதுருகத்தில் ஒரு சலூனில் மீன் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்தார். காற்று விடுகிற சின்ன மோட்டாரும் அதோடு வந்தது. கண்ணாடியில் சலூன்காரர் ஒட்டின 'கடன் இல்லை' ஸ்டிக்கர் சுரண்டியும் போகவில்லை. மீன் பெட்டியில் கொண்டு வந்த துறைமுகத்துத் தண்ணீரை ஊற்றிப் பேய்க்கணவாயை உள்ளே விட்டார். உடம்பு எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். மேலே பலகை வைத்து, பலகை மேல் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி வைத்தோம். இல்லையென்றால் வெளியே வந்துவிடும் என்றார்.

எனக்கு அதைப் பிடிக்கவில்லை. அதன் கண் ஆட்டுக் கண் மாதிரி, படுத்த கோடு. நான் அடுப்புக்குப் போனால் அந்தப் பக்கம் திரும்பும். தண்ணீர்க் குடத்துக்குப் போனால் இந்தப் பக்கம். நான் அந்த அறையில் புடவை மாற்றுவதை நிறுத்தினேன்.

அதுக்குத் தங்க இடம் சரிப்படவில்லை. கொட்டாங்கச்சி போட்டோம். உடைந்த பானை ஓடு போட்டோம். எதிலும் போகாமல் மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு நாள் மில்லிலிருந்து வந்தால், வீட்டுக்காரர் ஒரு குவார்ட்டர் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"ஓட்டு சந்துல இருந்துச்சு. பழசு."

"பழசுன்னு யாரு சொன்னது?"

"தூசியைப் பாரு."

பிடுங்கி மோந்தேன். தூசி வாசனைதான். ஆனால் கழுவின பாட்டிலில் வேறு என்ன வாசனை வரும்? அவர் காகிதத்தைச் சுரண்டிவிட்டு தொட்டியில் போட்டார். அது மெள்ள வந்தது. ஒரு காலை உள்ளே விட்டுப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. கடைசியில் உடம்பும் தோசை மாவு மாதிரி உள்ளே வழிந்து போய்விட்டது. பாட்டில் வாயில் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"வூடு கெடச்சுடுச்சு" என்றார்.

அவர் வண்டிக்குப் போனதும் ஏணி போட்டு ஓட்டு சந்து முழுக்கத் தேடினேன். அறுந்த செருப்பு வார் ஒன்று இருந்தது. வேறு பாட்டில் இல்லை. இல்லை என்பதால் நிம்மதி வரவில்லை. வேறு எங்கே வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது.

தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். "உப்புதானே, போர் தண்ணியில கல்லுப்பு கரைச்சு ஊத்தினா ஆவாதா?" என்றேன். "செத்துடும்" என்றார். அதனால் கடல் தண்ணீரை வெள்ளைக் கேனில் கொண்டு வந்தார்.

எங்க தெருவில் வெள்ளைக் கேன் என்றால் சாராயம் என்று எல்லாருக்கும் தெரியும். சாவுக்கு அப்புறம் பொம்பளைகள் எந்தக் கேனையும் திறந்து பார்க்காமல் விடுவதில்லை. அதில் எதிர்வீட்டுக்காரிதான் முன்னால் நிற்பாள். போன ஆளின் பெண்டாட்டி. என்னைவிடச் சின்னவள்.

முதல் கேன் வந்த அன்றைக்குக் குழாயடியில் மறித்துவிட்டாள்.

"ண்ணா, எறக்கு."

"கடல் தண்ணிம்மா."

"கள்ளக்குறிச்சிக்கு எந்தக் கடல்ண்ணா வருது? எறக்குன்னா எறக்கு."

மூடியைத் திறந்து மோந்தாள். "யக்கா, நீயும் மோந்து பாரு." நான் மோந்தேன். கவிச்சி லேசாக அடித்தது. "சாராயம் இல்லடி" என்றேன்.

"என் புருஷன் குடிச்சதுலயும் ஒரு வாசனையும் இல்லக்கா."

விரலை விட்டு நக்கிப் பார்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "நக்காத! தெரிஞ்சிக்கறதுக்குள்ள கண்ணு போயிடும்!" அப்படியே கேனைக் கவிழ்த்தாள். தண்ணீர் சாக்கடையில் போனது. எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. காலிக் கேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். பேசாததைப் பார்த்து எனக்கு இன்னும் சந்தேகம். சும்மா தண்ணீர் என்றால் சண்டை போட வேண்டாமா?

அடுத்த நாள் வண்டிக்கு லீவு. தொட்டித் தண்ணீர் கலங்கிவிட்டது. அது பாட்டிலை விட்டு மேலே வந்து பலகையைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் தொட்டி முன்னால் குந்திக்கொண்டு சோறும் தின்னவில்லை. நான் எதிர்வீட்டுக்காரியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். செந்நிறமாக இருந்த பேய்க்கணவாய் சட்டென்று வெளுத்துப்போனது.

"இன்னாக்கா இது, போலீசைப் பாத்த மாதிரி வெளுக்குது?"

"உன்னப் பாத்துத்தான்."

"பாட்டில் எதுக்கு?"

"அது வூடு."

அவள் முகம் மாறியது. "பாட்டில்ல குடியிருக்கறது நம்ம ஊரு ஆம்பளைங்கன்னுதான் நெனைச்சேன்" என்றாள். சிரிக்கவில்லை. போகும்போது, "எனக்கு கேனைப் பாத்தாலே ஆவாதுக்கா. நான் கொட்டாம இருக்கணும்னா நீ தெருவுலயே திறந்து காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதிலிருந்து அது ஒரு வழக்கம் ஆனது. கேன் வரும். நான் தெருவில் வைத்துத் திறந்து, விரலை விட்டு, நாக்கில் வைப்பேன். உப்பு கரிக்கும். அவள் கையைக் கட்டிக்கொண்டு என் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் வீட்டுக்காரர் ஊதுவார். அப்புறம் ஆளும் கேனும் உள்ளே போகும்.

அதுக்கு நண்டுதான் தீனி. துறைமுகத்திலிருந்து கொண்டு வருவார். நண்டு கம்மியாக இருக்கிற நாளில் மில்லுக்குப் பின்னால் வாய்க்காலில் நான் வயல் நண்டு பிடித்துப் போட்டேன். அதையும் தின்றது. தின்றுவிட்டு நண்டு ஓடுகளையெல்லாம் பாட்டில் வாசலில் குவித்து வைக்கும். வெளியில் தள்ளினால் மறுபடியும் இழுத்து வைத்துக்கொள்ளும். யாரும் உள்ளே வரக்கூடாதாம். அதுவும் யாரையும் நம்புகிற ஜாதி இல்லை.

முன்னெல்லாம் சாயங்காலம் ஆறு மணி ஆனால் வீட்டுக்காரர் சட்டையை மாட்டுவார். எங்கே என்று கேட்கக் கூடாது. இப்போது ஆறு மணிக்குத் தொட்டி முன்னால் குந்துவார். விரலைக் கண்ணாடியில் வைப்பார். அது ஒரு காலைக் கொண்டு வந்து உள்பக்கம் அதே இடத்தில் வைக்கும். இருட்டினதும் சாப்பிட்டுவிட்டு வண்டிக்குப் போவார். வண்டி கிளம்புகிற வரைக்கும் அவரை அந்த இடத்தில் பிடித்து வைத்தது அது ஒன்றுதான். நான் இல்லை. எனக்கு அது தெரியும்.

அதனால்தான் பயம் வந்தது. அது செத்தால் அவர் ஆறு மணிக்கு எங்கே போவார்?

ஒரு காலையில் பார்த்தேன். பாட்டிலுக்குள், மேல் பக்கத்தில், அரிசி.

நான் அரிசியில் புழங்குகிறவள். பொடி ரகம். சீரகச் சம்பா மாதிரி வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. நாங்கள் தின்பது ரேஷன் அரிசி. இது எங்க வீட்டு அரிசி இல்லை. நண்டு போட்டேன். அது நண்டைத் தொடவில்லை. காலால் வெளியே தள்ளியது. அடுத்த நாளும் அப்படித்தான்.

மந்திரித்த அரிசி என்றுதான் நினைத்தேன். எங்க பக்கத்தில் ஒரு குடும்பம் நன்றாக இருக்கக் கூடாது என்றால் வீட்டுக்குள் அரிசி போடுவார்கள். வீட்டுக்கு வந்து போகிறவள் ஒருத்திதான். அவள் புருஷன் போய்விட்டான். என் புருஷன் இருக்கிறார், குடியையும் விட்டிருக்கிறார். அவளுக்கு வயிறு எரியாதா?

அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"முந்தாநேத்து என் வூட்டுக்கு வந்தியா?"

"வந்தேன். அதப் பாத்துட்டு வந்தேன்."

"அரிசி போட்டியா?"

"இன்னா அரிசி?"

"போட்டவளுக்குத் தெரியும்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எங்க வூட்ல பொங்கறதுக்கே அரிசி பத்தல. உன் பேய்க்கு நான் வாய்க்கரிசி போடறனா?"

அந்த வார்த்தை வந்ததும் விளக்கின பாத்திரத்தையே மறுபடியும் எடுத்து விளக்கினாள். அவள் புருஷனுக்கு வாய்க்கரிசி போட்டபோது அவள் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டவள் நான்தான். ஆனாலும் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். கேன் வந்தபோது அவள் வெளியே வரவில்லை. நான் தனியாக நக்கிப் பார்த்தேன்.

வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் சாயங்காலம் தொட்டிப் பக்கமிருந்து திரும்பாமலே கேட்டார்.

"நீ எதுனா போட்டியா?"

"நானா?"

"உனக்கு அது புடிக்காது."

"புடிக்காதுதான். போடல."

திரும்பி என்னைப் பார்த்தார். வாசப்படியில் நிறுத்தி நான் அவரைப் பார்க்கிற பார்வை அது. ஊது என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவரே துறைமுகத்தில் நண்டு வலைக்காரர் ஒருத்தரிடம் கேட்டிருக்கிறார். மறுநாள் வந்து ஊதிவிட்டுச் சொன்னார்.

"முட்டையாம்."

"எது?"

"உன் அரிசி. முட்டை வெச்சா அது தீனி எடுக்காதாம். பொரிக்கற வரைக்கும் காவல் இருக்குமாம். பொரிச்சா செத்துடுமாம்."

"ஆம்பள ஜோடி இல்லாம எப்படி முட்டை?"

"கடல்லயே சேந்துட்டு வந்திருக்கும்னாரு."

எதையும் நம்ப முடியவில்லை. அது சாவதற்கு முன்பே சாவு சொல்கிறார். குடிக்கிறதுக்கு இப்போதே காரணம் தேடி வைக்கிறாரா? எந்த வலைக்காரர், எந்தப் படகு என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பதில் இருந்ததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

நான் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன். "முட்டைன்னு சொல்றாரு. உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். வந்து பாரு."

"நான் வந்தா அரிசி கொட்டிடும்க்கா."

"கொட்டினா பொங்கித் தின்னலாம். வா."

வந்தாள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். அது பாட்டிலுக்குள் சுருண்டு இருந்தது. முன்னைவிட இளைத்திருந்தது. கழுத்துப் பக்கம் ஒரு குழாய் மாதிரி இருக்கிறதே, அதனால் முட்டை மேல் தண்ணீரை ஊதிக்கொண்டே இருந்தது. நிறுத்தவே இல்லை.

"கண்ணு தெரியுதுக்கா. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கருப்புப் புள்ளி." அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, உன் வூட்டுக்கு வந்தா எல்லாரும் ஊதணுமா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அரிசிப் பேச்சை அதுக்கப்புறம் இரண்டு பேரும் எடுக்கவில்லை.

வெயில் ஜாஸ்தியாக இருந்தது. தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினோம். நான் மில்லுக்குப் போனால் அவள் வந்து சாக்கை நனைப்பாள். சாவியை அவளிடமே கொடுத்தேன்.

பொரிந்தது ஒரு விடியக்காலை. தண்ணீர் முழுக்க எள்ளு தூவின மாதிரி. எள்ளு ஒவ்வொன்றும் துள்ளியது. தாய் பாட்டிலை விட்டு வெளியே வந்து தரையில் கிடந்தது. துணி மாதிரி வெளுத்திருந்தது. மத்தியானத்துக்குள் அசைவு நின்றுவிட்டது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். பூனை தோண்டாமல் இருக்கக் குழவியை மேலே வைத்தேன். வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.

அன்றைக்கு ஆறு மணிக்குத் தொட்டி முன்னால் குந்தவில்லை. டம்ளரால் குஞ்சுத் தண்ணீரை மொண்டு மொண்டு கேனில் ஊற்றினார்.

"இங்க வெச்சா ஒண்ணும் நிக்காது. கடல்ல வுட்டுடறேன்."

சட்டையை மாட்டினார். ஆறு மணிக்கு அவர் சட்டை மாட்டி நான் பார்த்து நாளாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்றாள். எங்க தெருவிலிருந்து ஒரு கேன் நிரம்பி வெளியே போவதை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

மறுநாள் விடிந்தது. வரவில்லை. வெயில் ஏறியது. வரவில்லை. மில்லுக்குப் போகாமல் வாசப்படியில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரி மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தாள்.

"இன்னும் வரலியாக்கா?"

"வரல."

"வண்டி வந்துடுச்சே. எறக்கிட்டு நிக்குது."

"ஆளு?"

"இல்ல. துறைமுகத்துலயே எறங்கிக்கினாருன்னு டிரைவரு சொல்றாரு."

அவள் அந்தப் பக்கம் போகவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எனக்கு அவள் புருஷன் விழுந்த அன்றைக்கு இவள் இதே மாதிரி உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். இரண்டு பேரும் தெரு முனையையே பார்த்தோம்.

சாயங்காலம் ஆகப்போகும்போது வந்தார். நடந்து வந்தார். நடை ஒரு பக்கம் சாய்ந்தது. கையில் கேன். காலிக் கேன் இல்லை. நான் எழுந்து நின்றேன்.

"ஊது."

ஊதினார். கவிச்சி. பசி வாடை. கண் சிவந்திருந்தது.

"இன்னொரு வாட்டி."

ஊதினார்.

"எங்க போன?"

"கரையில வுட்டா அலை தூக்கிப் போட்டுடும்னாங்க. போட்ல போயி உள்ள வுட்டேன். வரதுக்குள்ள வண்டி பூடுச்சு."

"பஸ்ஸு இல்லியா?"

"கேனோட யாரும் ஏத்தலமே. ஊதிக் காட்டினேன். அப்பவும் ஏத்தல. காய்கறி வண்டியில தியாகதுருகம் வரைக்கும் வந்தேன். அங்கேருந்து நடந்துதான் வரேன்."

"கேன்ல இன்னா?"

"தண்ணி."

"எந்தத் தண்ணி? தொட்டிதான் காலியாச்சே?"

கேனை வாசப்படியில் வைத்தார். நான் மூடியைத் திறந்தேன். மோந்தேன். ஒரு வாசனையும் இல்லை. விரலை விடப் போனேன். எதிர்வீட்டுக்காரி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே தன் விரலை விட்டாள். அதுவரைக்கும் அவள் எந்தக் கேனையும் வாயில் வைத்ததில்லை. நாக்கில் வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நின்றாள்.

"கரிக்குதுக்கா."

நானும் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

"எதுக்கு எடுத்தாந்த?"

அவர் கேனைத் தூக்கினார். "ஆறு மணிக்கு இன்னா பண்றது?" என்றார்.

வழியை விட்டேன். தொட்டியில் அந்தப் பாட்டில் இன்னும் கிடந்தது. தண்ணீரை ஊற்றி, மோட்டாரைப் போட்டு, முன்னால் குந்தினார். காற்றுக் குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் சோறு போட்டு அங்கேயே கொண்டு போய் வைத்தேன்.

இன்னும் கேன் வருகிறது. சில தடவை அதில் சின்ன நண்டு இருக்கும், சில தடவை வெறும் தண்ணீர். வாசப்படியில் நிறுத்தி, வாயில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறேன். கேனுக்கு அப்புறம் அவர் ஊதுகிறார்.